தாவர அறிஞர் கோனிக்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில், காவேரிப்பட்டினம் என்னும் ஊர் அமைந்துள்ளது. மாந்தோப்புகள் சூழ்ந்த அவ்வூரின் கடைத்தெருவுக்குக் காலைப்பொழுதில் காய்கறி வாங்கச் செல்வோர், கடைக்காரர் இறுதியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்துப் பையில் இடுவதைக் காண்பர். பக்கத்திலேயே இஞ்சியும், மஞ்சட் கிழங்கும், மாங்காயின் மணம் கமழும் மா இஞ்சியும் குவிந்திருக்கும். மளிகைக் கடையில் ஏலம் மணக்கும். இஞ்சி, மஞ்சள், மா இஞ்சி, ஏலம் ஆகிய நான்கும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சார்ந்தவை. கறிவேப்பிலையோ எலுமிச்சையின் உறவு. ஆயினும் கறிவேப்பிலையின் அறிவியற் பெயரில் நிலைபெற்றிருப்பவரும், இஞ்சிக் குடும்பத்தின் இலக்கணத்தை உலகறிய எடுத்துரைத்த முன்னோடிகளுள் ஒருவரும் ஒரே மனிதரே ஆவர். அவர்தாம் யோகான் கெர்ஹார்டு கோனிக் என்னும் பெருமகனார். பனி மூடிய வடநாட்டில் பிறந்து, தமிழகத்தைத் தம் உழைப்பின் களமாகக் கொண்டு, ஆந்திர நாட்டில் உயிர் நீத்த அவருடைய வாழ்க்கை, அறிவுத் தொண்டின் அருமையையும் அதற்குத் தரவேண்டிய விலையையும் ஒருங்கே உணர்த்துவதாகும்.

இளமையும் கல்வியும்

கோனிக் 1728ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் லிவோனியா நாட்டில் பிறந்தார். பால்டிக் கடலை அடுத்த அந்நாட்டில் அவர் பிறந்த பகுதி இன்று லாட்வியா நாட்டில் அடங்கியுள்ளது. இளமையில் அவர் மருந்து செய்யும் தொழிலைப் பயின்றார். அக்காலத்தில் மருந்துகளுட் பெரும்பாலானவை வேர், பட்டை, இலை, விதை ஆகியவற்றினின்றே செய்யப்பட்டன. ஆகவே மருந்து செய்வோன் செடிகளை ஐயமற அறிந்திருத்தல் இன்றியமையாததாக இருந்தது. ஒரு வேரை மற்றொரு வேராக மயங்கிக் கொடுப்பின், நோயைத் தீர்க்கவேண்டிய மருந்தே உயிரைப் போக்கும் நஞ்சாக மாறிவிடும். செடிகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் கோனிக்கிடம் இத்தொழிலின் வாயிலாகவே வேரூன்றியது எனலாம்.

அந்நாளில் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் லின்னேயஸ் என்னும் பேரறிஞர் தாவர நூல் கற்பித்து வந்தார். உலகிலுள்ள உயிர்களுக்கெல்லாம் இரண்டு சொற்களால் ஆகிய பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் அவரே. ஒருவருக்குக் குடும்பப் பெயரும் தம் பெயரும் சேர்ந்து அமைவது போலவே, ஒவ்வொரு செடிக்கும் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் அமைய வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. பூவிலுள்ள மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவர் செடிகளை வகுப்புகளாகப் பிரித்தார். ஒரே ஒரு மகரந்தத் தாள் உடைய செடிகள் அவர் பகுப்பில் முதல் வகுப்பாக அமைந்தன. இஞ்சியும் மஞ்சளும் அவ்வகுப்பிலேயே இடம்பெற்றன.

கோனிக் 1757ஆம் ஆண்டில் லின்னேயசிடம் மாணவராகச் சேர்ந்தார். லின்னேயஸ் தம் மாணவர்களைப் பல திசைகளுக்கும் அனுப்பி, ஆங்காங்கு உள்ள செடிகளைத் திரட்டச் செய்வது வழக்கம். அங்ஙனம் சென்றவர்களுட் சிலர் நோயுற்றுத் திரும்பினர். சிலர் திரும்பவே இல்லை. இதனை அறிந்திருந்தும், பயணத்தையே தம் வாழ்வாக ஏற்றவர்களுள் கோனிக்கும் ஒருவர். அவர் டென்மார்க்கு நாட்டிற் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். 1764, 1765ஆம் ஆண்டுகளில் ஐசுலாந்துத் தீவுக்குச் சென்று, குளிர்காற்றுக்கு நடுவே அங்குள்ள செடிகளை ஆராய்ந்தார். அவர் அங்குக் கண்ட சிறு பூண்டு ஒன்றுக்கு லின்னேயஸ் தம் மாணவரின் நினைவாகக் கோனிகியா எனப் பெயர் சூட்டினார். ஆசிரியர் மாணவருக்கு அளிக்கும் பரிசில் அதனினும் உயர்ந்தது வேறு யாது? பொன்னும் பொருளும் அழியும். செடி உள்ளவரையில் பெயரும் இருக்கும்.

தரங்கம்பாடி வருகை

சோழ நாட்டுக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி 1620ஆம் ஆண்டு முதல் டென்மார்க்கு நாட்டினரின் வாணிகத் தலமாக விளங்கியது. டான்சுபார்க்குக் கோட்டை இன்றும் அங்கே கடலை நோக்கி நிற்கிறது. 1706ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்த சீகன்பால்கு என்னும் பாதிரியார் தமிழைக் கற்று, அச்சுக்கூடம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்டார். இவ்வாறு தமிழ் ஆராய்ச்சியும் அச்சுத் தொழிலும் தழைத்த அவ்வூருக்கு, 1768ஆம் ஆண்டில் சமயப் பணிக் குழுவின் மருத்துவராகக் கோனிக் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அக்காலம் தமிழகத்தில் போர் மிகுந்த காலம். அதற்கு முந்திய ஆண்டாகிய 1767இல்தான் மைசூர் மன்னர் ஐதர் அலியின் படை காவேரிப்பட்டினத்துக் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றியிருந்தது. ஆங்கிலேயரும் ஐதரும் பொருத அப்போரினால் ஊர்கள் பாழாயின. வழிகள் அச்சம் நிறைந்தவையாயின. இத்தகைய காலத்தில், வாளும் துப்பாக்கியும் ஏந்தாமல், செடி திரட்டும் பெட்டியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஏந்திக்கொண்டு ஒருவர் ஊர் ஊராகத் திரிந்தார் என்பது வியப்பிற்குரிய செய்தியாகும்.

லின்னேயசிடம் நேரே கற்று அவர் முறைப்படி இந்தியச் செடிகளை ஆராய்ந்தவர்களுள் கோனிக்கே முதல்வராகக் கருதப்படுகிறார். அவர் நோயாளிகளைப் பார்த்தபின் எஞ்சிய நேரத்தைச் செடிகளுக்கே செலவிட்டார். வயல் வரப்பும், குளக்கரையும், கடலோர மணல்மேடும், புதர்க்காடும் அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. தமக்குப் புதியதாகத் தோன்றிய செடியைப் பறித்து, தாளிடை வைத்து அழுத்தி உலர்த்தி, அதன் தன்மைகளை இலத்தீன் மொழியில் எழுதினார். அவற்றைக் கட்டுகளாகக் கட்டிக் கப்பலேற்றினார். அக்கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பல திங்கள் பயணம் செய்தே ஐரோப்பாவை அடைந்தன. கடல்நீர் பட்டும் பூச்சி அரித்தும் கெடாமல் எஞ்சியவை லின்னேயசின் கைக்குச் சென்றன. 1771ஆம் ஆண்டில் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் கோனிக் அனுப்பிய செடிகள் பல இடம்பெற்றன.

அவற்றுள் ஒன்றே கறிவேப்பிலை. லின்னேயஸ் அதற்குத் தம் மாணவரின் பெயரைச் சேர்த்துப் பெர்கெரா கோனிகி என்று பெயரிட்டார். பின்னர் அது முர்ரயா கோனிகி என மாற்றப்பட்டது. அண்மைக் காலத்து ஆய்வாளர் பலர் லின்னேயஸ் இட்ட பெயரையே மீண்டும் வழங்குகின்றனர். பேரினப் பெயர் மாறினும் கோனிக்கின் பெயர் மட்டும் மாறவில்லை. ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. கறிவேப்பிலையைக் கண்டுபிடித்தவர் கோனிக் அல்லர். அவர் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அது தமிழர் தாளிப்பில் மணந்துகொண்டிருந்தது. தமிழர் நாள்தோறும் அறிந்திருந்த ஒன்றை உலக அறிவியலின் ஏட்டில் ஏறச் செய்ததே அவருடைய தொண்டு.

ஈசல் ஆராய்ச்சி

கோனிக்கின் நோக்கு செடிகளோடு நின்றுவிடவில்லை. தஞ்சைப் பகுதியில் அவர் கண்ட கறையான் புற்றுகள் அவர் உள்ளத்தை ஈர்த்தன. புற்றினுள் வாழும் அரசி, உழைக்கும் கறையான்கள், காவல் புரியும் கறையான்கள் ஆகியவற்றின் வாழ்க்கை முறையை அவர் ஆராய்ந்தார். மழைக்காலத்தில் சிறகு முளைத்து வெளிவரும் ஈசலை உழவர் நெருப்பொளி காட்டிப் பானையிற் பிடிப்பதையும், அதனை வறுத்து மாவுடன் சேர்த்து உண்பதையும் அவர் இகழாது நோக்கி எழுதினார். அவ்வாராய்ச்சிக் கட்டுரை 1779ஆம் ஆண்டில் செருமன் மொழியில் வெளிவந்தது. தம் நாட்டார்க்கு அருவருப்பாகத் தோன்றக்கூடிய உணவையும், அது மக்களின் பசியைத் தீர்க்கும் பொருள் என மதித்து எழுதிய அப்பண்பு கருதத்தக்கது. காட்டிலும் மேட்டிலும் இயற்கையாக விளையும் உணவுகளை அறிவதில் அவருக்கிருந்த ஆர்வத்தை இதனால் அறியலாம்.

வறுமையும் பணிமாற்றமும்

அறிவுத் தேட்டத்திற்குப் பொருள் வேண்டும். பயணம் செய்யவும், உடன்வரும் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவும், தாளும் மையும் வாங்கவும் குழுவினர் அளித்த ஊதியம் போதவில்லை. கடமையும் ஆர்வமும் கோனிக்கை இருபுறமும் இழுத்தன. மருத்துவப் பணியிலேயே அமைந்துவிட்டால் வாழ்க்கை ஒழுங்காக நடைபெறும்; ஆனால் காணாத காடுகளும் மலைகளும் காணாதனவாகவே நின்றுவிடும். அவர் துணிந்து இரண்டாவது வழியைத் தேர்ந்தார். 1774ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபாகிய முகம்மது அலியிடம் இயற்கைப் பொருள் ஆராய்ச்சியாளராகப் பணியேற்றார்.

நவாபின் அரசு வெளித்தோற்றத்தில் செல்வம் மிக்கதாயினும் உண்மையிற் கடனில் மூழ்கியிருந்தது. ஆயினும் அப்பணி கோனிக்குக்குப் பயணத்திற்கான வாய்ப்பை நல்கியது. அவர் தமிழகத்தின் உட்பகுதிகளில் சுற்றிச் செடிகளையும் கனிமங்களையும் ஆராய்ந்தார். 1778ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் தம் பணியில் அமர்த்தினர். கம்பெனியார் விரும்பியது வாணிகத்திற்குப் பயன்படும் சரக்கு. கோனிக் விரும்பியது அறிவு. இரண்டு விருப்பங்களும் ஒரே கப்பலிற் பயணம் செய்தன. சயாம் நாட்டிற்கும் மலாக்கா நீரிணைப் பகுதிக்கும் சென்று அங்குள்ள விளைபொருள்களை ஆராயுமாறு அவர் அனுப்பப்பட்டார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவருடைய ஆசிரியராகிய லின்னேயஸ் உப்சாலாவிற் காலமாகியிருந்தார்.

கரையோரக் காட்டு இஞ்சி

1779ஆம் ஆண்டில் கோனிக் ஒரு தீவில் தங்கினார். ஐரோப்பிய மாலுமிகள் அந்நாளில் ஜங்க் சிலோன் என அழைத்த அத்தீவே இன்று தாய்லாந்து நாட்டைச் சேர்ந்த புக்கெட்டு ஆகும். மழை மிக்க அத்தீவின் காடுகளில் இஞ்சிக் குடும்பத்துச் செடிகள் செழித்து வளர்ந்திருந்தன. கோனிக்கின் வாழ்க்கையில் மிகச் சிறந்த பணி இங்கேதான் நடைபெற்றது.

அப்பணியின் அருமையை உணர வேண்டுமாயின், இஞ்சிக் குடும்பத்துப் பூவின் இயல்பை அறிதல் வேண்டும். இக்குடும்பத்துப் பூவில் பகட்டாகத் தோன்றும் அகன்ற பகுதி உண்மையான இதழ் அன்று. மகரந்தம் தரவேண்டிய தாள்களுட் சில தம் தொழிலை இழந்து, ஒன்றுகூடி, உதடு போன்ற வடிவம் பெற்றிருக்கின்றன. மகரந்தம் தருவது ஒரே ஒரு தாளே. அதன் இரு மகரந்தப் பைகளுக்கும் இடையேயுள்ள பள்ளத்தில், சூலகத்தினின்று எழும் தண்டு ஊசியிற் கோத்த நூல் போலப் பொருந்திக் கிடக்கும். இவ்வளவு நுட்பமான அமைப்புடைய பூ, சில மணி நேரமே நிலைத்திருக்கும். பறித்துத் தாளிடை வைத்து அழுத்தினால் கூழாகிக் கறுத்து உருத்தெரியாமற் போகும். ஐரோப்பாவில் அமர்ந்துகொண்டு உலர்ந்த செடிகளை ஆராய்ந்த அறிஞர்களுக்கு இஞ்சிக் குடும்பம் விளங்காப் புதிராக இருந்ததற்கு இதுவே காரணம். அப்பூக்களை அறிய வேண்டுமானால் அவை மலரும் இடத்திற்கே சென்று, மலர்ந்த அன்றே பிரித்து நோக்கி, அப்பொழுதே எழுதிவிட வேண்டும். கோனிக் அதனையே செய்தார். தண்டு, இலை, பூங்கொத்து, உதடு, மகரந்தத் தாள், காய், விதை என ஒவ்வோர் உறுப்பையும் முறையாக எழுதிவைத்தார்.

அங்ஙனம் அவர் எழுதிய செடிகளுள் ஒன்று கரையோரத்துக்குரியது என்னும் பொருள்படும் சொல்லைத் தன் பெயரிற் கொண்டது. அதனைக் கரையோரக் காட்டு இஞ்சி எனலாம். அதன் இலைத்தண்டுகள் ஆளின் உயரத்தையும் கடந்து ஓங்கி வளரும். ஆனால் பூவை மேலே தேடுவோர் ஏமாறுவர். பூங்கொத்து மண்ணோடு மண்ணாகப் புதைந்திருக்க, சிவந்த பூக்கள் மட்டும் தரையின்மீது விண்மீன் விழுந்தாற்போல விரிந்து கிடக்கும். காயும் அடியிலேயே கொத்தாக உண்டாகும். விதைகளைச் சுற்றியுள்ள சதை புளிப்புச் சுவையுடையது. தென்கிழக்கு ஆசிய மக்கள் அக்கனியையும், இளந்தண்டின் மென்மையான உட்பகுதியையும் உண்பர். உழாமல், விதைக்காமல், நீர் பாய்ச்சாமல் காடு தரும் உணவு அது.

காட்டு உணவைப் பற்றிய அறிவு விளையாட்டன்று. நம் நாட்டுச் செங்காந்தளின் கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கிழங்குகள் ஒன்றுபோலவே தோன்றும். பூவும் இலையும் காயும் முறையாக எழுதப்பட்டிருந்தால்தான் உண்ணத்தக்கது இது, நஞ்சு இது எனத் தெளிய முடியும். காட்டில் வாழும் மக்கள் அவ்வறிவை வழிவழியாகப் பெற்றிருந்தனர். கோனிக் தாம் சென்ற இடங்களிலெல்லாம் மக்கள் செடிகளுக்கு வழங்கும் பெயர்களையும், அவற்றால் அவர்கள் கொள்ளும் பயன்களையும் கேட்டறிந்து நாட்குறிப்பில் எழுதினார். அவருக்கு வழிகாட்டியவர்கள் அறிவியற் பெயர்களில் இடம்பெறவில்லை. ஆயினும் அவர்தம் அறிவும் அப்பெயர்களுக்கு அடித்தளமாகக் கிடக்கிறது.

அப்பயண நாள்களில் அவர் கண்டெழுதிய மற்றொரு செடி வெண்ணிறப் பூவை உடையது. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற அப்பூவின் நறுமணத்தையும் வெண்மையையும் கண்ட கோனிக், இனிமை, பனி என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து எடிச்சியம் எனப் பெயரிட்டார். வெப்ப நாட்டுக் காட்டில் பூத்த மலருக்குப் பனியின் பெயரைச் சூட்டியபோது, வடநாட்டுக் குளிர்நிலம் அவர் நினைவில் எழுந்திருத்தல் கூடும். அச்செடி பின்னர் உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிற்கும் பரவியது. அமெரிக்கக் கண்டத்தை அடுத்த கியூபாத் தீவு இன்று அதனைத் தன் நாட்டு மலராகக் கொண்டிருக்கிறது.

மீண்டும் தமிழகம்

1780ஆம் ஆண்டில் கோனிக் கடற்பயணத்தை முடித்துத் திரும்பினார். அவ்வாண்டிலேயே ஐதர் அலி பெரும்படையுடன் கருநாடகச் சமவெளியிற் புகுந்தார். சிற்றூர்கள் எரிந்தன, மக்கள் கோட்டைகளை நாடி ஓடினர். அடுத்த சில ஆண்டுகள் தமிழகம் போரிலும் பஞ்சத்திலும் உழன்றது. உள்நாட்டுப் பயணம் அரிதாயிற்று. இலங்கைக்குச் சென்று செடிகளை ஆராய்ந்ததும் அக்காலத்திலேயே ஆகும்.

போர் நடைபெற்ற காலத்திலும் அறிவுப் பணி முற்றிலும் நின்றுவிடவில்லை. ஒரு மகரந்தத் தாள் உடைய செடிகளைப் பற்றி அவர் எழுதிய விளக்கங்கள் சுவீடன் நாட்டு உலுண்டு நகரிலிருந்த இரெட்சியசு என்னும் அறிஞரிடம் சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் நூலின் ஒரு பகுதியாக 1783ஆம் ஆண்டில் அச்சிட்டார். இஞ்சிக் குடும்பத்துச் செடிகளை மலர்ந்த நிலையில் ஆராய்ந்து முறையாக விளக்கிய முன்னோடி நூற்பகுதி அதுவே எனலாம். கோனிக் தம் பெயரால் தனியாக ஒரு பெருநூல் வெளியிட்டதில்லை. அவர் திரட்டிய செடிகளிற் பல, லின்னேயசின் நூல்களிலும், லின்னேயசின் மகன் 1781ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும், இரெட்சியசு நூலிலுமே வெளிப்பட்டன. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் பலர். அதற்காக அவர் செடி அனுப்புவதை நிறுத்திக்கொள்ளவில்லை.

செடிகளைத் திரட்டியதோடு அவர் மனிதர்களையும் உருவாக்கினார். தரங்கம்பாடியிலிருந்த பாதிரிமார் சிலரிடம் தாவர நூலில் ஆர்வத்தை வளர்த்தார். அவர்களுள் ஒருவராகிய இராட்லர் 1776ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிற்காலத்தில் தமிழ் ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற அவர், தென்னாட்டுச் செடிகளைத் திரட்டுவதிலும் வல்லவராக விளங்கினார். அதே ஆண்டில் சென்னைக்கு வந்த இளம் மருத்துவராகிய வில்லியம் இராக்சுபரோ என்பவரும் கோனிக்கின் நட்பைப் பெற்று, லின்னேயசின் முறையில் தேர்ச்சியடைந்தார். மூத்தவர் தம் அறிவை மறைக்காமல் வழங்கினார். இளையவர் நன்றியுடன் ஏற்றார். கோனிக்கின் பணி அவரோடு மறையாமைக்கு இந்நட்பே காரணமாயிற்று.

இறுதி நாள்கள்

1784ஆம் ஆண்டில் கோனிக் வடக்கு நோக்கிப் பயணம் மேற்கொண்டார். விசாகப்பட்டினத்தில் இருந்த பாட்ரிக் இரசல் என்னும் மருத்துவ அறிஞரைக் கண்டு அளவளாவினார். நாட்டின் பாம்புகளையும் மீன்களையும் பற்றிப் பின்னாளில் நூல் எழுதிய அறிஞர் அவரே. நீண்ட பயணங்களாலும் ஓயாத உழைப்பாலும் கோனிக்கின் உடல் தளர்ந்திருந்தது. வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றியது. எத்தனையோ பேருடைய நோயைத் தீர்த்த மருத்துவருக்குத் தம் நோயைத் தீர்க்கும் வழி புலப்படவில்லை.

அப்பொழுது இராக்சுபரோ சாமர்லகோட்டையிற் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவர் விரைந்து சென்று தம் வழிகாட்டியின் பக்கத்திலிருந்து மருத்துவம் செய்தார். ஆயினும் நோய் தணியவில்லை. 1785ஆம் ஆண்டு சூன் திங்கள் 26ஆம் நாள், காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் கோனிக் காலமானார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. பதினேழு ஆண்டுகளைக் கீழைநாடுகளில் கழித்த அவர், தாம் பிறந்த மண்ணை மீண்டும் மிதிக்கவில்லை.

அவரிடம் இருந்த செல்வம் செடிகளும் கைப்பிரதிகளுமே. அச்சேறாத அக்கட்டுகளின் கதி என்னாகும் என்பதே அவருடைய கடைசிக் கவலையாக இருந்திருக்க வேண்டும். வெப்பமும் கறையானும் மிகுந்த நாட்டிற் காப்பாரற்றுக் கிடக்கும் ஏடுகள் சில ஆண்டுகளிலேயே மண்ணாகிவிடும் என்பதைக் கறையானை ஆராய்ந்த அவரைவிட நன்கறிந்தவர் யார்? ஆகவே அவர் தம் கைப்பிரதிகளை இலண்டனிலிருந்த சர் சோசப் பாங்சு என்னும் அறிஞருக்கு உரிமையாக்கினார். அவை கடல் கடந்து இலண்டன் நகரை அடைந்து காக்கப்பட்டன. சயாமுக்கும் மலாக்காவுக்கும் சென்றபோது அவர் எழுதிய நாட்குறிப்பு, அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின், 1894ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டுச் சிங்கப்பூர் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

அழியாப் பயன்

கோனிக் விளக்கிய கரையோரக் காட்டு இஞ்சியை அடிப்படையாகக் கொண்டு, கீசெக்கு என்னும் செருமானிய அறிஞர் 1792ஆம் ஆண்டில் எட்லிங்கெரா என்னும் புதிய பேரினத்தை வகுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இன்று அப்பேரினத்தில் அடங்குகின்றன. மலேயாத் தமிழர் தம் அண்டை வீட்டார் சமையலிற் காணும் செந்நிற இஞ்சிப் பூவும் அவற்றுள் ஒன்றே.

கோனிக்கிடம் ஊக்கம் பெற்ற இராக்சுபரோ 1793ஆம் ஆண்டில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைமையை ஏற்றார். ஒரு மகரந்தத் தாள் உடைய இந்தியச் செடிகளைப் பற்றிய தம் விரிவான கட்டுரையை அவர் 1810ஆம் ஆண்டில் வெளியிட்டார். மா இஞ்சிக்கும், காடுகளில் விளைந்து கஞ்சிமாவாகப் பயன்படும் கூவைக் கிழங்கு வகை ஒன்றுக்கும் அறிவியற் பெயர் வழங்கியவர் அவரே. புக்கெட்டுத் தீவில் ஒருவர் தொடங்கிய பணி, கல்கத்தாவில் மற்றொருவரால் வளர்ந்தது. இன்று இஞ்சிக் குடும்பத்தில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அக்குடும்பத்தை ஆராய்வோர் எந்நாட்டினராயினும், கோனிக்கின் விளக்கங்களைக் காணாமல் தம் ஆய்வை முடிக்க இயலாது.

கோனிக்குக்குப் பெருஞ்செல்வம் வாய்க்கவில்லை. தம் பெயர் பொறித்த பெருநூலைக் கையில் ஏந்தும் இன்பமும் வாய்க்கவில்லை. ஆயினும் வாடிவிடும் பூவை வாடுமுன் நோக்கி, கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார். அந்த உண்மையே அவருக்கு நினைவுச் சின்னமாயிற்று. காவேரிப்பட்டினத்துக் கடைத்தெருவில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கையில் எடுக்கும் இளைஞர், அதனைக் குழம்பில் இடுமுன் ஒருமுறை உற்று நோக்குவாராயின், இலையின் அமைப்பும் நரம்பின் ஓட்டமும் மணத்தின் தன்மையும் அவருக்குப் புலனாகும். அந்நோக்கே தாவர நூலின் முதற்பாடம். அதனைக் கற்கத் தொடங்குவோரெல்லாம் கோனிக் பெருமகனாரின் வழித்தோன்றல்களே ஆவர்.